எக்ஸெல்ல இருந்து எஸ்டிமேட் சாஃப்ட்வேருக்கு மாறினோம்: மெயின்டனன்ஸ் டெண்டர் போடுறவங்களுக்காக ஒரு ரிவ்யூ

கவர்மெண்ட் பராமரிப்பு டெண்டர் போடுற ஒரு சின்ன கான்ட்ராக்ட் ஆபீஸ்ல எஸ்டிமேட் வேலை பாக்குறேன். பொதுப்பணித்துறை கட்டடத்துல ஸ்பெஷல் ரிப்பேர், பெயிண்டிங், நகராட்சிக்கு தூய்மைப் பணி ஆள் சப்ளை, பம்ப் ஹவுஸ் ஓட்டிப் பராமரிக்கிறது, இதுதான் எங்க லைன். ரொம்ப வருஷமா எல்லாமே எக்ஸெல்தான். போன நிதியாண்டுலதான் எஸ்டிமேட்டிங் சாஃப்ட்வேருக்கு மாறினோம், அதுல இருந்து தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாரும் வாங்கலாமா வேணாமான்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் மொத்தமா எழுதிரலாம்னு உக்காந்துட்டேன். கம்பெனி பேரு போடல. நம்ம ஊர்ல நான் டெமோ பாத்ததெல்லாம் கிட்டத்தட்ட ஒரே அமைப்புதான், அதனால பேர விட எதப் பாத்து வாங்கணும்ங்கறதுதான் உங்களுக்கு உதவும்.

முதல்லயே சொல்லிடுறேன். சிவில் மெயின்டனன்ஸ் வேலைக்கு தாராளமா வாங்கலாம். ஆள் சப்ளை கான்ட்ராக்ட் மட்டும் பண்றவங்க டெமோல நல்லா நோண்டிப் பாத்துட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

எக்ஸெல்ல என்னதான் குறைன்னு கேப்பீங்க. கணக்குல ஒரு குறையும் இல்ல, அது பாட்டுக்கு கூட்டும் பெருக்கும். பிரச்சனை என்னன்னா ஒரு டெண்டருக்குப் போட்ட ஷீட்டையே காப்பி பண்ணி அடுத்த டெண்டருக்கு, அத காப்பி பண்ணி அதுக்கடுத்ததுக்குன்னு போயிட்டே இருக்கும், நடுவுல யாரோ ஒரு செல்லுல ஃபார்முலாவ அழிச்சிட்டு கையால நம்பர் போட்டிருப்பாங்க, அது வருஷக்கணக்கா அப்படியே கூட வரும். எங்க ஆபீஸ்ல ஒரு தடவ டெண்டர் மூணு மணிக்கு குளோஸ், மதியம் சாப்பாட்டு நேரத்துல டோட்டல் ஏதோ கம்மியா இருக்கேன்னு எங்க இன்ஜினியர் தம்பிக்கு உறுத்திட்டே இருந்துச்சு. வரி வரியா போய்ப் பாத்தா ஒரே ஒரு செல்லுல ரேட்டுக்கு முன்னாடி ஒரு ஒத்த மேற்கோள் குறி (') விழுந்திருக்கு, எக்ஸெல் அத நம்பரா எடுத்துக்காம எழுத்தா எடுத்துக்கிச்சு, சம் ஃபார்முலா எழுத்த கூட்டாது, சத்தம் போடாம விட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடும். மூலையில ஒரு குட்டி பச்சை முக்கோணம் மட்டும்தான் அடையாளம். அந்த அவசரத்துல அது யார் கண்ணுல படும்?

இது நம்ம மாதிரி சின்ன ஆபீஸ்ல மட்டும்தான் நடக்குதுன்னு நெனைக்காதீங்க. கனடாவுல டிரான்ஸ்ஆல்டான்னு ஒரு பெரிய மின்சார கம்பெனி, 2003ல ஏலத்துக்கு விலை குறிக்கிறப்ப எக்ஸெல் ஷீட்ல கட் பேஸ்ட் பண்ணதுல ஒரு வரி தள்ளிப் போயி, வேண்டியத விட அதிக விலைக்கு கான்ட்ராக்ட் எடுத்துட்டாங்க, 2 கோடியே 40 லட்சம் டாலர் நஷ்டம். அவ்ளோ பெரிய கம்பெனிக்கே ஒரு வரி நகர்ந்ததுதான் காரணம்.

சரி, சாஃப்ட்வேர் விஷயத்துக்கு வர்றேன். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஸ்பீடு கிடையாது. ஒரு ரேட் ஒரே எடத்துலதான் இருக்கும்ங்கறதுதான். நம்ம டேட்டா, அதாவது ஒரு ஐட்டத்துக்கு எவ்ளோ பொருள் எவ்ளோ கூலின்னு பிரிச்சுப் போட்ட கணக்கு, எப்படி இருக்கும்னு லைன்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். சிமெண்ட் மார்ட்டர் (சிமெண்டும் மணலும் கலந்த கலவை) 1:5ன்னா ஒரு கன மீட்டருக்கு 288 கிலோ சிமெண்ட், ஒரு கன மீட்டர் மணல், கலக்குற கூலி. 1:4ன்னா 360 கிலோ, 1:3ன்னா 480. இந்த மார்ட்டர் ரேட்தான் பூச்சுக்குள்ள போகுது, செங்கல் கட்டுக்குள்ள போகுது, தரைக்குள்ள போகுது. எக்ஸெல்ல சிமெண்ட் விலை மாறுச்சுன்னா எத்தன ஷீட்ல மாத்தணும்னு யோசிச்சுப் பாருங்க, எங்கயாச்சும் ஒண்ணு பழைய விலையிலயே நிக்கும். சாஃப்ட்வேர்ல சிமெண்ட்டுங்கறது ஒரே ஒரு என்ட்ரி, அதுல மாத்தினா மார்ட்டர் மாறி, பூச்சு மாறி, கடைசியா ஐட்டம் வாரியா தொகை போடுற அப்ஸ்ட்ராக்ட் வரைக்கும் தானா போயி நிக்குது. திருப்பியும் போகலாம், அப்ஸ்ட்ராக்ட்ல ஒரு ரேட்ட கிளிக் பண்ணா அது எந்தெந்த கூலியில இருந்தும் எந்த மெட்டீரியல்ல இருந்தும் வந்துச்சுன்னு அடி வரைக்கும் எறங்கிப் பாக்கலாம். முதலாளி "ஏம்ப்பா இந்த ஐட்டம் இவ்ளோ வருது"ன்னு கேட்டா முன்னெல்லாம் ஷீட் ஷீட்டா அலையணும், இப்ப அவர் கண்ணு முன்னாடியே பிரிச்சுக் காட்டிடறேன். அதோட யார் எந்த ரேட்ட எப்ப மாத்தினாங்கன்னு ஒரு ஹிஸ்டரி இருக்கு, எங்க ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குற அக்காவும் நானும் ஒரே டெண்டர்ல வேலை செய்யறப்ப இது பெரிய நிம்மதி.

பர்சன்டேஜ் டெண்டர் போடுறவங்களுக்கு இது இன்னும் உதவும். அங்க டிபார்ட்மெண்ட் ரேட் எல்லாருக்கும் ஒண்ணுதான், நாம மொத்தமா அதுக்கு எத்தன சதவீதம் கீழ (லெஸ்), இல்ல எத்தன சதவீதம் மேல (எக்ஸஸ்)னு ஒரே ஒரு நம்பர்தான் குடுக்கணும். நெறைய பேரு அந்த நம்பர போட்டிக்கு யாரு வர்றாங்கன்னு பாத்து மனசுல இருந்துதான் போடுறாங்க. சாஃப்ட்வேர்ல டிபார்ட்மெண்ட் டேட்டாவையும் நம்ம நெஜ செலவு டேட்டாவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம், எந்த ஐட்டத்துல நிக்குது எந்த ஐட்டத்துல அடி வாங்குறோம்னு தெரிஞ்சிடும். பெயிண்டிங்ல லாபம் இருக்கு, ஆனா ஓட்டுக்கூரை ரிப்பேர்ல கைய விட்டுப் போகுதுன்னு தெரிஞ்சப்புறம் எட்டு சதவீதம் லெஸ் போடுறதுக்கும், தெரியாம போடுறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு.

ரவுண்டிங் விஷயம் சின்னதா தெரியும், ஆனா பில்லு போடுறப்ப தகராறே அதுலதான் வரும். எக்ஸெல்ல ரெண்டு டெசிமல்னு ஃபார்மட் பண்ணா கண்ணுக்கு மட்டும்தான் ரெண்டு டெசிமல், உள்ள முழு நம்பரும் அப்படியே இருக்கும். ஒரு ரேட் உள்ள 86.4567, வெளிய 86.46ன்னு காட்டுதுன்னு வெச்சுக்கங்க. 12,500 சதுர மீட்டருக்குப் பெருக்கினா எக்ஸெல் 10,80,708.75ன்னு சொல்லும், கால்குலேட்டர் வெச்சு 86.46ஐ பெருக்குற ஏஇ (டிபார்ட்மெண்ட் உதவிப் பொறியாளர்) 10,80,750ன்னு சொல்வாரு. நாப்பத்தொரு ரூபாய்தான், ஆனா ரெண்டு காகிதத்துல ரெண்டு டோட்டல் இருந்தா எந்த ஆபீஸ்லயும் கையெழுத்து விழாது. ரவுண்ட் ஃபார்முலா போட்டு எக்ஸெல்லயும் சரி பண்ணலாம்தான், ஒவ்வொரு செல்லுக்கும் ஞாபகமா போடணும். சாஃப்ட்வேர்ல ஒரே செட்டிங், ரேட்ட முதல்ல ரவுண்ட் பண்ணிட்டுதான் பெருக்கும்.

அளவு எடுக்குற பக்கமும் பரவால்ல. பூச்சு வேலையில ஜன்னல் கதவு கழிக்கிறது, கட்டட வேலை அளவெடுக்குற இந்திய தரநிலையான ஐஎஸ் 1200 படி அரை சதுர மீட்டர் வரைக்கும் கழிக்கக் கூடாது, அரையில இருந்து மூணு வரைக்கும் ஒரு பக்கம் மட்டும், மூணுக்கு மேல போனா ரெண்டு பக்கமும் கழிச்சிட்டு ஓரம் கூட்டணும். டீடெய்ல்டுல, அதாவது நீள அகலம் போடுற ஷீட்ல, அளவ மட்டும் குடுத்தா இந்த கழிவ அதுவே போட்டுக்குது. பொருள சைட்டுக்குக் கொண்டு வர்ற செலவக் காட்டுற லீட் ஸ்டேட்மெண்ட்டும் குவாரி தூரத்த குடுத்தா தானா வருது.

இப்ப குறைக்கு வர்றேன். ஷெட்யூல் ஆஃப் ரேட்ஸ் (அரசாங்கம் வெளியிடுற ரேட் புக்) எல்லாம் நாங்களே ஏத்திக் குடுத்துடுவோம்னு விக்கிறப்ப சொன்னாங்க. ஏத்தியும் குடுத்தாங்க. ஆனா சில ஐட்டத்துல யூனிட் தப்பு, 10 சதுர மீட்டருக்கு இருக்க வேண்டிய டேட்டா 1 சதுர மீட்டர்னு பதிவாகி இருந்துச்சு. நாங்க பழைய முடிஞ்ச வேலை ஒண்ண உள்ள போட்டு டெஸ்ட் பண்ணதால கண்டுபிடிச்சோம், அப்படியே நம்பி டெண்டர் போட்டிருந்தா ஒரு ஐட்டமே பத்து மடங்கு ஆகியிருக்கும். போன் பண்ணி சொன்னதும் சரி பண்ணிக் குடுத்தாங்க, மறுக்கல. ஆனா வாங்குறவங்க யாரா இருந்தாலும் வருஷா வருஷம் புது ஷெட்யூல் ஏத்தினதும் நீங்க அடிக்கடி போடுற ஐட்டத்த எல்லாம் அச்சடிச்ச புக்கோட ஒத்துப் பாக்காம தொடாதீங்க.

அடுத்து ஆள் சப்ளை. இங்கதான் நான் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இந்த சாஃப்ட்வேர் எல்லாம் கட்டட எஸ்டிமேட்டுக்காக செஞ்சது, சர்வீஸ் கான்ட்ராக்டுக்கு நாமதான் அத வளைச்சுக்கணும்.

ஒரு தூய்மைப் பணியாளருக்கு பேசிக்கும் டிஏவும் சேத்து மாசம் 14,000ன்னு ஒரு பேச்சுக்கு எடுத்துக்குவோம். பிஎஃப்ல கம்பெனி பங்கு 12, அதோட இன்சூரன்ஸும் நிர்வாகக் கட்டணமும் சேந்தா 13 சதவீதம், அது 1,820. ஈஎஸ்ஐ 3.25 சதவீதம், 455. போனஸ் 8.33 சதவீதம், 1,166. கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம் ஒதுக்கினா 673. இதுவே 18,114 ஆச்சு. இந்த ஆளு வாரத்துல ஒரு நாள் லீவு, ஆனா தெரு கூட்டுறது ஏழு நாளும் நடக்கணும், அப்ப ரிலீவருக்கு ஆறுல ஒரு பங்கு, 3,019. மொத்தம் 21,133. இன்னும் யூனிஃபார்ம் வரல, கையுறை வரல, சூப்பர்வைசர் வரல, லாபம்ங்கற பேச்சே எடுக்கல. 14,000 எப்படி 21,000 ஆச்சுன்னு டெண்டர் போடுற பல பேருக்கே தெரியறதில்ல, ரிலீவரையும் கிராஜுவிட்டியையும் விட்டுட்டு போடுறாங்க, எல்1, அதாவது எல்லாரையும் விட கம்மி விலையா, வந்துடறாங்க, அப்புறம் அந்தக் குறைச்சல எங்க இருந்து எடுப்பாங்க? கூட்டுறவங்களோட சம்பளத்துல இருந்துதான். எனக்கு இதப் பத்தி ரொம்ப வருத்தம் உண்டு. பிஎஃப் கட்டலன்னு தொழிலாளர்கள் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போயி நிக்கிற பல கதையில, முதல் தப்பு டெண்டர் ஷீட்லயே நடந்திருக்கு.

அதனால நாங்க இந்த முழு கட்டமைப்பையும் ஒரு டேட்டாவா உள்ள போட்டுட்டோம், மார்ட்டர் மாதிரியே. ஒரு ஆள் மாசம்ங்கறது ஒரு ஐட்டம், அதுக்குள்ள வேஜ், பிஎஃப், ஈஎஸ்ஐ, ரிலீவர் எல்லாம் சதவீதமா இருக்கு. கலெக்டர் நிர்ணயிக்கிற தினக்கூலி மாறினாலோ, ஏப்ரல் 1ல குறைந்தபட்சக் கூலியோட டிஏ ஏறினாலோ ஒரே எடத்துல மாத்தினா போதும். டெண்டர்ல திருத்தம் வந்து 48 ஆள்னு இருந்தது 52ன்னு ஆனாலும் எண்ணிக்கைய மாத்தினா யூனிஃபார்ம்ல இருந்து விளக்குமாறு வரைக்கும் எல்லாமே கூடவே ஏறிடுது. 2025 நவம்பர் 21ல நாலு லேபர் கோடும் (மத்திய அரசோட புது தொழிலாளர் சட்டங்கள்) அமலுக்கு வந்து, அலவன்ஸ் மொத்த சம்பளத்துல பாதிய தாண்டினா தாண்டினத வேஜ்ல சேக்கணும்னு ஆனப்பவும் அந்த ஒரு டேட்டாவ மட்டும்தான் திறந்து பாக்க வேண்டி இருந்துச்சு. இத எக்ஸெல்ல பண்ணியிருந்தா ஓடிட்டு இருக்கற ஒவ்வொரு டெண்டர் ஷீட்டையும் திறந்திருக்கணும்.

ஜிஎஸ்டி பக்கம் எனக்கு எதிர்பாக்காம கெடச்ச லாபம் ஒண்ணு. நகராட்சிக்கு அரசியலமைப்பு 243டபிள்யூ பிரிவுல சொன்ன வேலைகள், அதாவது தூய்மை, குடிநீர் மாதிரி வேலைகள், வெறும் சர்வீஸா செஞ்சா ஜிஎஸ்டி விலக்கு. பொருளும் சேத்து குடுத்தாலும் மொத்த மதிப்புல பொருளோட பங்கு 25 சதவீதத்த தாண்டாம இருந்தா அப்பவும் விலக்கு. தாண்டினா மொத்த பில்லுக்கும் வரி. பிளீச்சிங் பவுடர், பினாயில், தள்ளுவண்டி எல்லாம் கான்ட்ராக்டரே வாங்கிக் குடுக்கணும்னு டெண்டர்ல ஒரு வரி சேத்தா போதும், பொருள் பங்கு 23 சதவீதத்துல இருந்தது 26க்குப் போயிடும். வரி உள்பட ரேட் குடுக்கச் சொன்ன டெண்டர்ல இது நடந்தா, நாம வாங்கற காசுக்குள்ள இருந்தே 18 சதவீத வரிய கட்டணும். சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு ஐட்டமும் கூலி, மெட்டீரியல், மெஷின்னு பிரிஞ்சு இருக்கறதால மெட்டீரியல் பங்கு எவ்ளோன்னு ஒரே ரிப்போர்ட்ல வந்துடுது. அது செலவுக் கணக்குல வர்ற பங்குதான், லாபத்த எப்படி பிரிக்கணும்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுதான் முடிவு பண்ணணும், ஆனா எல்லைக்குப் பக்கத்துல நிக்கிறோம்னு முன்னாடியே தெரியறது பெரிய விஷயம். விலக்கு இருக்கற வேலையில நாம பவுடருக்குக் கட்டின ஜிஎஸ்டிய திரும்ப எடுக்க முடியாது, அதுவும் செலவுதான், அதனால மெட்டீரியல் ரேட்ட வரியோட போடணும், இதையும் ஒரு டிக் மார்க்ல மாத்திக்கலாம்.

ஆனா பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. மூணு வருஷ கான்ட்ராக்ட். இதுல வருஷா வருஷம் கூலி ஏறும்ங்கற விஷயமே நாங்க வாங்கின சாஃப்ட்வேருக்குத் தெரியாது, இன்னைக்கு ரேட் என்னவோ அதத்தான் 36 மாசத்துக்கும் பெருக்கும். வருஷத்துக்கு 4 சதவீதம் ஏறும்னு வெச்சுக்கிட்டா மூணு வருஷ சராசரி இன்னைக்கு ரேட்ட விட 4 சதவீதம் சொச்சம் மேல போகுது, செலவுல பெரும்பகுதி கூலியே இருக்கற வேலையில அது லாபத்துல பாதிய தின்னுடும். விலை ஏறினா கூடக் குடுக்கணும்ங்கற ஷரத்து இருக்கற டெண்டர்னா தப்பிக்கலாம், இல்லாததுக்கு நாங்க இன்னும் எக்ஸெல்ல தனியா வருஷ வாரியா போட்டு சராசரிய எடுத்து உள்ள கொண்டு வர்றோம். சாஃப்ட்வேர் வாங்கியும் எக்ஸெல்ல விட முடியாம இருக்கறதுக்கு இது முதல் காரணம்.

ரெண்டாவது காரணம் போர்ட்டல். தமிழ்நாடு டெண்டர் போர்ட்டல்ல விலை குடுக்கற பிஓக்யூவே (ஐட்டமும் அளவும் இருக்கற பட்டியல்) எக்ஸெல் ஃபைல்தான், பூட்டின ஷீட், ஃபைல் பேர கூட மாத்தக் கூடாது, மேக்ரோவ ஆன் பண்ணி அந்த ஃபைல்லயேதான் நிரப்பி டிஜிட்டல் கையெழுத்தோட ஏத்தணும். நான் பாத்த எந்த சாஃப்ட்வேரும் அந்த ஃபைலுக்குள்ள நேரா போயி எழுதாது, எழுதுதுன்னு சொன்னா நானே நம்பி விட மாட்டேன். கடைசியில ஐட்டம் ரேட்ட பாத்துப் பாத்து கையாலதான் அடிக்கிறோம், ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் அடிக்க, அப்புறம் எழுத்துல வர்ற தொகைய சத்தமா வாசிச்சு சரி பாத்துட்டுதான் அப்லோடு.

சர்வீஸ் சுமார்தான். ட்ரெயினிங்குக்கு நேர்ல வர்றோம்னாங்க, கடைசியில ரிமோட்ல ஸ்கிரீன் எடுத்துதான் சொல்லிக் குடுத்தாங்க, சொல்லிக் குடுத்த பையன் பொறுமையா நல்லாவே சொன்னான், அவனுக்கு லீட்னா என்ன டேட்டான்னா என்னன்னு தெரிஞ்சிருந்துச்சு, அதுவே பெரிசு. லைசென்ஸ் யூஎஸ்பி டாங்கிள்ல, அதாவது பென்டிரைவ் மாதிரி ஒரு சாவியில, வருது, அது மாட்டின சிஸ்டத்துலதான் ஓடும், சைட்ல உக்காந்து லேப்டாப்ல பாக்கணும்னா டாங்கிள கழட்டி எடுத்துட்டுப் போகணும், ஆபீஸ்ல வேலை நிக்கும். தொலைஞ்சா புது லைசென்ஸ் காசுதான்னு கண்டிஷன். தமிழ்ல ஐட்டம் விவரம் அடிச்சா ஸ்கிரீன்ல ஒழுங்கா தெரியுது, பிடிஎஃப் எடுத்தா கொம்பும் காலும் இடம் மாறுது, ஊராட்சி வேலைக்குத் தமிழ்ல எஸ்டிமேட் குடுக்கறவங்க இத கண்டிப்பா டெஸ்ட் பண்ணுங்க. விலை, ஒரு டேட்டா என்ட்ரி ஆளோட ரெண்டு மாச சம்பளம் அளவுக்கு ஆச்சு, அதுக்கு மேல வருஷா வருஷம் ஷெட்யூல் அப்டேட்டுக்கு தனியா. வருஷத்துக்கு ரெண்டு மூணு சின்ன வேலை மட்டும் எடுக்கறவங்களுக்கு இது தேவையில்ல, ஒழுங்கா பூட்டி வெச்ச ஒரு எக்ஸெல் ஷீட்டே போதும். மாசா மாசம் டெண்டர் போடுற ஆபீஸ், ரெண்டு பேருக்கு மேல ஒரே எஸ்டிமேட்ட தொடுற ஆபீஸ்னா வாங்குங்க.

ஒண்ணு மட்டும் சாஃப்ட்வேர்கிட்ட எதிர்பாக்காதீங்க. அந்த வார்டுல லாரி போற தெரு எத்தன, தள்ளுவண்டி மட்டும் போற சந்து எத்தன, ஒரு ஆளு காலையில எவ்ளோ தூரம் கூட்ட முடியும், மாடியில ஒழுகுறது பூச்சாலயா பைப்பாலயா, இதெல்லாம் நடந்து போயி பாத்தாதான் தெரியும். தப்பான ஆள் எண்ணிக்கைய குடுத்தா அதையும் ரெண்டு டெசிமலுக்கு சுத்தமா கணக்கு போட்டு அழகா பிரிண்ட் எடுத்துக் குடுக்கும், பாக்குறவங்களுக்கு எக்ஸெல்ல விட அது நம்பற மாதிரி வேற இருக்கும்.

டெமோவுக்குப் போறப்ப அவங்க காட்டுற சாம்பிள் வீட்டு எஸ்டிமேட்ட பாத்துட்டு வந்துடாதீங்க. நீங்க ஏற்கனவே முடிச்சு ஃபைனல் பில்லு வாங்கின ஒரு மெயின்டனன்ஸ் வேலை, ஒரு ஆள் சப்ளை டெண்டர், ரெண்டையும் கையோட கொண்டு போயி உங்க கண்ணு முன்னாடி போடச் சொல்லுங்க. நாளைக்கு இந்த சாஃப்ட்வேர விட்டுட்டுப் போனா நம்ம டேட்டா முழுசா எக்ஸெல்ல வெளிய வருமான்னும் கேளுங்க, எங்களுதுல அப்ஸ்ட்ராக்ட் வருது, ரேட் அனாலிசிஸ் வெறும் நம்பராதான் வருது, ஃபார்முலா வரல. மூணு வருஷ ஏத்தத்த அடுத்த வெர்ஷன்ல சேக்குறோம்னு டீலர் சொல்லியிருக்காரு, வந்துச்சுன்னா டெஸ்ட் பண்ணிட்டு இங்கயே கீழ சேத்து எழுதுறேன்.